களைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு

தையல் லைனில் நின்று மற்றவர்களின் வேகத்தை அளப்பது என் தொழில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இன்டஸ்ட்ரியல் இன்ஜினியராக இருக்கிறேன், கம்பெனிக்குள் ‘ஐ.இ. சார்’ என்பார்கள். ஒரு டிசர்ட்டை எத்தனை ஆபரேஷனாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், எத்தனை மிஷின், மணிக்கு எத்தனை பீஸ் என்று கணக்குப் போட்டு, லைன் முகப்பில் தொங்கும் போர்டில் டார்கெட் எழுத வைப்பது நான்தான். படித்து முடித்ததிலிருந்து வேறு வேலை பார்த்ததில்லை. இந்தத் தொழிலின் முதல் பாடம் எனக்கும் பொருந்தும் என்பது நாற்பத்தாறு வயதில்தான் உறைத்தது.

அந்தப் பாடத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். பேட்லாக் மிஷினில் ஒரு டைலர் டிசர்ட்டின் அடிப்பாகத்தை மடித்து அடிக்கிறார். பண்டலிலிருந்து பீஸை எடுப்பதில் தொடங்கி, அடித்து, நூலை வெட்டி, பக்கத்தில் போடுவது வரை ஒரு சுற்று. ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு இப்படிப் பல சுற்றுகளைக் குறிப்போம். கூடவே அவர் கை எந்த வேகத்தில் ஓடுகிறது என்று ஒரு மதிப்பெண்ணும் போடுவோம். அதை ரேட்டிங் என்கிறோம். நூறு என்றால் என்ன வேகம் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் இரண்டு அடையாளங்கள் உண்டு. சமதரையில் சுமை இல்லாமல் மணிக்கு 4 மைல், அதாவது சுமார் 6.4 கிலோமீட்டர் நடப்பது ஒன்று. 52 சீட்டுகளை நான்கு பேருக்கு 0.375 நிமிடத்தில் பிரித்துப் போடுவது இன்னொன்று.

நூறு என்பது ஒருவரால் முடிந்த உச்ச வேகம் என்றுதான் புதிதாக வரும் பையன்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. தொழில் தெரிந்த ஒருவர், தன்னை வருத்திக்கொள்ளாமல், ஷிப்ட் முழுக்கச் சராசரியாகத் தரக்கூடிய வேகம்தான் நூறு. காலையில் பத்து நிமிடம் பறந்து காட்டினால் அது ரேட்டிங்கில் நூற்றிருபது என்று பதிவாகும். அதை வைத்து யாரும் டார்கெட் போடக்கூடாது.

இதற்கு அடுத்த படிதான் முக்கியம். அளந்து வந்த நேரத்தோடு ‘அலவன்ஸ்’ சேர்க்க வேண்டும். தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, களைப்பு ஆற, நூல் அறுந்தால் கோக்க, பண்டல் மாற்ற. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1957-ல் முதலில் வெளியிட்ட வேலை ஆய்வுப் புத்தகம் இந்தத் துறையில் எல்லோரும் புரட்டிய நூல். சொந்தத் தேவைகளுக்கு ஆணுக்கு 5 சதவீதம், பெண்ணுக்கு 7 சதவீதம், அடிப்படைக் களைப்புக்கு 4 சதவீதம் என்பது அதிலிருந்து நாங்கள் படித்த அட்டவணை. நிற்பது, குனிவது, கண்ணுக்கு அதிக வேலை, இரைச்சல், சூடு என்று ஒவ்வொன்றுக்கும் மேற்கொண்டு கூட்டிக்கொண்டே போகலாம். எங்கள் லைனில் எல்லாம் சேர்த்துப் பதினைந்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அடிமடிப்புக்கு அளந்த நேரம் 0.40 நிமிடம் என்றால் கணக்கில் எழுதுவது 0.46. அலவன்ஸ் இல்லாமல் மணிக்கு 150 பீஸ் கேட்கலாம், சேர்த்தால் 130. அந்த இருபது பீஸ் வித்தியாசத்தில்தான் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பது மனுஷி என்பதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.

ஷிப்மெண்ட் நெருக்கும்போது அந்த இருபதுக்காக மேனேஜரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். “அலவன்ஸ்ல கொஞ்சம் கை வைங்க” என்று கேட்டால், கை வைத்தால் மூன்றாம் நாள் பிரித்துத் தைக்க வேண்டிய ஆல்ட்டர் பீஸ் குவியும், ஐந்தாம் நாள் ஆள் வராது என்று சொல்லித் தடுத்திருக்கிறேன். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் என் நாளை நான் திட்டமிட்டதில் அலவன்ஸ் என்ற வரியே கிடையாது.

நாற்பதைத் தாண்டியதும் எல்லாம் ஒரே சமயத்தில் ஏறி உட்காரும். கம்பெனி இரண்டாவது யூனிட் போட்டது. வீட்டுக் கடன் பாதி தூரத்தில் இருந்தது. மகள் பிளஸ் டூ. காங்கேயம் பக்கம் ஊரில் அம்மா தனியாக. மூட்டுவலி வந்து, மாடு கன்றை விற்றுவிட்டு, வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். இவற்றில் எதுவும் தேவையற்ற சுமை இல்லை. எல்லாமே நான் விரும்பி ஏற்றவை. அதனால்தான் எதைக் குறைப்பது என்ற கேள்வியே எழவில்லை. காலையில் இரண்டு யூனிட்டும் பார்ப்பேன், இரவில் மறுநாள் லைன் பிளான் போடுவேன், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு மதிய பஸ்ஸில் திரும்புவேன். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பதைப் பார்த்து அம்மா கேட்பார்: “ஏஞ் சாமி, பஸ்ஸு வந்துருச்சா?” வந்திருக்காது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்.

இது நடந்ததற்குக் கடமை உணர்ச்சி மட்டும் காரணம் இல்லை. பயம் இருந்தது. எங்கள் துறையில் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அசைவுகளை உள்ளிட்டால் ஸ்டாண்டர்ட் நேரத்தைத் தானே சொல்லும் சாஃப்ட்வேர் அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது. நான் ஒரு நாள் மெதுவானால், ‘அவருக்கு வயசாயிருச்சு’ என்ற பேச்சு ஃபுளோரில் கிளம்பிவிடும் என்று பயந்தேன். இரவு பத்தரைக்கு போன் வந்தால் எரிச்சலோடு சேர்ந்து ஒரு திருப்தியும் இருக்கும். நான் இல்லாமல் ஓடாது என்று. இந்தத் திருப்தியைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. நாற்பதுகளில் பல ஆண்களை ஓட வைப்பது கடனைவிட இதுதான் என்று நினைக்கிறேன்.

கம்பெனியில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. டைலர்கள், செக்கிங் பெண்கள், டைலருக்குக் கைவேலை செய்யும் கைமடிப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள், ஸ்டாஃப் கடைசியில். நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் அளந்தார். எதுவும் சொல்லாமல் பக்கத்து நாற்காலியைக் காட்டி, “பேசாம பத்து நிமிஷம் உக்காருங்க சார், திரும்பப் பாக்கலாம்” என்றார். திரும்பப் பார்த்தும் மேல் அளவு 160-ஐ விட்டு இறங்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் எதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இரண்டு முறை போனை எடுத்தேன். அளவைக் காட்டிலும் அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

நீண்ட வேலை நேரம் உடம்பை என்ன செய்யும் என்று அன்றிரவு தேடிப் படித்தேன். உலகச் சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு கிடைத்தது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ல் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 7,45,000 மரணங்கள் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடையவை என்று கணக்கிட்டிருந்தார்கள். வாரத்துக்கு 55 மணி என்பது எங்கள் ஊரில் லேசான வாரம்.

மருந்து சாப்பிடத் தொடங்கினேன். வேகத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது மருந்துச் சீட்டு இல்லை, இரண்டாவது யூனிட்டில் பேட்லாக் அடிக்கும் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், தேனிப் பக்கத்திலிருந்து பல வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு வந்தவர். நான் எடுத்த நேர ஆய்வுகளில் அவர் ஒருபோதும் முதலிடத்தில் வந்ததில்லை. காலை ஒன்பது மணிக்கு எடுத்தாலும் தொண்ணூறு, மதியம் மூன்று மணிக்கு எடுத்தாலும் தொண்ணூறு. பக்கத்து மிஷின் பையன் காலையில் நூற்றிருபதைத் தொடுவான். மூன்று மணிக்கு எழுபதில் நிற்பான், நடுவில் இரண்டு தடவை ஊசியும் உடைந்திருக்கும்.

ஒரு நாள் ஸ்டாப்வாட்ச்சை அணைத்துவிட்டு அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்தேன். பண்டலைப் பிரித்ததும் பீஸ்களை ஒரே முகமாகத் திருப்பி வைத்துக்கொள்கிறார். அதற்குச் சில நொடி போகும். பிறகு ஒவ்வொரு பீஸிலும் அந்த நொடி திரும்பி வருகிறது. பெடலில் கால் ஒரே அழுத்தம். ஒரு பண்டல் முடிந்ததும் எழுந்து அடுத்த பண்டலை அவரே போய் எடுத்து வருகிறார். கைமடிப் பெண் கொண்டுவந்து தரத் தயாராக இருந்தும் வேண்டாம் என்கிறார். முதுகை நிமிர்த்த அவருக்கு அது ஒரு சாக்கு. தண்ணீர் பாட்டில் எட்டி எடுக்கும் தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுப்பார்.

“ஏன்க்கா, இன்னும் கொஞ்சம் ஓட்டலாமே, பீஸ் ரேட்தானே?” என்று கேட்டேன்.

“ஓட்டலாம் சார். நாளைக்கும் இதே கைதான வரணும்” என்றார்.

பெரிய தத்துவம் சொல்கிற தோரணையே அவரிடம் இல்லை. பீஸை எடுத்தார், அடித்தார், வெட்டினார்.

ஏட்டில் நான் படித்த நூறு ரேட்டிங்கின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. வேகத்தை நாளின் நல்ல மணியில் அளக்கக்கூடாது. மறுநாள் காலையையும் சேர்த்து அளக்க வேண்டும். எங்கள் துறைக்கே மூலவரான பிரெடரிக் டெய்லர், இரக்கமில்லாத ஸ்டாப்வாட்ச்காரர் என்று பெயரெடுத்தவர். அவரே 1911-ல் எழுதிய நூலில், 92 பவுண்ட் இரும்புக் கட்டிகளைச் சுமக்கும் ஆள் நாளில் 43 சதவீத நேரம்தான் சுமையோடு இருக்கலாம், மீதி 57 சதவீதம் சுமையில்லாமல் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார். ஒருவரை 12.5 டன்னிலிருந்து 47.5 டன்னுக்கு உயர்த்தியதாக அவர் சொன்ன கதையின் பல பகுதிகளைப் பிற்கால ஆய்வாளர்கள் நம்பவில்லை. நானும் முழுக்க நம்பவில்லை. ஆனால் உடம்பைக் கசக்கி உற்பத்தி கேட்டவர்கூட ஓய்வைக் கணக்கில் எழுதாமல் இருக்க முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் நாளை ஒரு லைன் மாதிரி காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். லைன் பேலன்ஸிங்கில் ஒரு விதி உண்டு. எந்த ஆபரேஷன் மிக மெதுவோ, அதன் வேகம்தான் லைனின் வேகம். மற்ற மிஷின்களை எவ்வளவு விரட்டினாலும் அந்த ஓர் இடத்தில் பீஸ் குவியுமே தவிர பேக்கிங்குக்குப் போகாது. முப்பது வயதில் என் லைனில் அப்படி ஓர் இடம் இல்லை. நாற்பத்தாறில் இருந்தது: தூக்கம். நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து அன்றைக்கே சமாளித்த உடம்பு, இப்போது அதற்கு இரண்டு நாள் கேட்டது. பகலில் எதை வேகமாக முடித்தாலும் அது இரவில் போய்க் குவிந்தது.

ஆகவே அங்கிருந்து தொடங்கினேன். லைன் பிளானை வீட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்தி, மாலை ஐந்து மணிக்கு ஃபுளோரிலேயே சூப்பர்வைசர்களை உட்காரவைத்துப் போட ஆரம்பித்தேன். அவர்களே போடக் கற்றுக்கொண்டார்கள். என் பயத்துக்கு அதுவே பதிலாகவும் இருந்தது. நான் இல்லாமலும் ஓடியது. அது முதலில் வலித்தது, பிறகு நிம்மதியானது. இரவு ஒன்பதுக்கு மேல் வரும் போனை ஷிப்ட் பொறுப்பாளரிடம் மாற்றிவிட ஏற்பாடு செய்தேன். ஊருக்குப் போனால் சனிக்கிழமை இரவே போய், ஞாயிறு கடைசிப் பஸ்ஸில் திரும்புகிறேன். மதியம் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறேன். அவர் பழைய கதைகளைச் சொல்வார், பாதியில் தூங்கிவிடுவேன், எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இவை எல்லாமே சுலபமானவை. சுலபமில்லாதது ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு யூனிட்டுக்கும் பொறுப்பான பதவி வந்தது; வேண்டாம் என்றேன். சம்பள உயர்வு போயிற்று. முன்கூட்டியே அடைக்க நினைத்த வீட்டுக் கடன் முழுத் தவணையும் ஓடும். மனைவியோடு உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டோம். மகளின் படிப்புச் செலவு, அம்மாவின் மருந்து, தவணை எல்லாவற்றையும் எழுதினோம். “ஏனுங்க, வண்டிய மாத்தறத ரெண்டு வருசம் தள்ளிப் போட்டா போதுங்க” என்றார் அவர். நிதானமான வேகம் இலவசமாகக் கிடைக்கும் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதற்கு விலை உண்டு. எங்களுக்கு அந்த விலையைக் கொடுக்க முடிந்தது, அவ்வளவுதான்.

கொடுக்க முடியாதவர்களைப் பற்றித்தான் மீதியை எழுத வேண்டும்.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது அன்றாடப் பேச்சு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் உழைத்தால் இரட்டைக் கூலி என்றது. ஊரில் எத்தனை இடங்களில் அப்படி நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்த மசோதா, வேலை நாளை 12 மணி நேரம் வரை நீட்ட வழி திறந்தது. எதிர்ப்பு வலுத்ததால் மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருஷம். வாரத்துக்கு 48 மணிதானே, நாளுக்கு எப்படிப் பிரித்தால் என்ன என்று அப்போது சிலர் என்னிடம் வாதிட்டார்கள். மணிவாரி உற்பத்தித் தாளைக் கையில் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடைசி மணிகள் முதல் மணிகளுக்குச் சமம் இல்லை. பீஸ் குறையும், ஆல்ட்டர் கூடும், விரலில் ஊசி ஏறுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

நாற்பதைத் தாண்டிய டைலருக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. வெள்ளெழுத்து. ஊசித் துளை மங்கும். தையலின் ஓரம் இரண்டாகத் தெரியும். சொல்லமாட்டார்கள். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அதே பயம்தான். நூல் கோக்கப் பக்கத்துக் கைமடிப் பெண்ணை மெல்லக் கூப்பிடுவார்கள். தலையைக் குனிந்து குனிந்து மாலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். 2018-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 751 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. எல்லோரும் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. யாரையும் விரட்டாமல் கிடைத்த உயர்வு அது. அந்தப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு போய் எங்கள் நிர்வாகத்திடம் பேசினேன். நாற்பது தாண்டியவர்களுக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் கிடைத்தன. பேட்லாக் அக்காவும் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். அவர் ரேட்டிங் அதே தொண்ணூறுதான்; மாலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போவது மட்டும் நின்றிருக்கிறது.

லைன் நடத்துபவர்கள், சூப்பர்வைசர்கள், சிறிய ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நாளைக்கு டார்கெட் எழுதும்போது அலவன்ஸைக் கழித்து எழுதாதீர்கள். தண்ணீரை லைனுக்குப் பக்கத்தில் வையுங்கள். எழுந்து போகிறவரை முறைக்காதீர்கள். நாற்பது வயது ஆன எல்லோருக்கும் ஒரு தடவை கண்ணைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். சில நூறு ரூபாய் கண்ணாடிக்காக எந்தக் கம்பெனியும் மூடப்போவதில்லை. இரவு பத்தரைக்கு உங்களுக்கும் போன் வந்துகொண்டிருந்தால், அடுத்த முகாமில் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டுங்கள்.